குகையுள் புகுந்த இருவர்

தமிழ் வழக்கில் குகன் என்ற பெயர் இருவரைக் குறிக்கும். கங்கைக் கரையில் ஆயிரம் ஓடங்களுக்குத் தலைவனாகக் கம்பன் காட்டும் வேடர்கோன் ஒருவன். அடியார் உள்ளமாகிய குகையில் உறைபவன் என்ற பொருளில் அப்பெயர் பெற்ற முருகன் மற்றொருவன். இப்பெயருக்கு அடியில் இருப்பது மறைத்தல் என்று பொருள்படும் ‘குஹ்’ என்னும் வடமொழி வேர். குகை என்ற சொல்லும் அதிலிருந்தே வந்தது. ஓடக்காரனுக்கு அப்பெயர் வாய்த்தது தற்செயலாகவே இருக்கலாம், அதற்கெனத் தத்துவக் காரணம் ஒன்றைக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அருணகிரிநாதர் கந்தர் அனுபூதியை முடிக்கும்போது குகனையே குருவாக வரும்படி வேண்டுவதால், கரை கடத்துபவனும் மறைவிடத்தில் இருப்பவனும் வழிகாட்டுபவனும் தமிழில் ஒரே பெயரின்கீழ் வந்து சேர்ந்துவிடுகின்றனர். பழந்தமிழில் குகைக்கு முழை, அளை, விடர் எனச் சொற்கள் பல இருந்தன. அவை விலங்கு கிடக்கும் இடத்தையும் பாறை பிளந்த இடத்தையும் சுட்டினவேயன்றி, ஒளித்துவைத்தல் என்ற கருத்தைச் சுமக்கவில்லை. குகை என்ற சொல் வந்தபோது அக்கருத்தும் உடன் வந்தது. ஒளிந்திருப்பதை ஒருவர் மற்றொருவருக்குக் காட்டித் தர இயலுமா, இயலுமானால் காட்டப்பட்டவன் கண்டது அவனுடைய காட்சிதானா என்ற கேள்வியும் அதன் பின்னே வந்தது.

இக்கேள்வியைத் திருவனந்தபுரத்துக் கடற்கரையில் வைத்து ஆராய்வது பொருத்தமாகும். கேரளக் கரையின் பெரும்பகுதி மணலாக நீண்டு கிடக்க, கோவளத்திலிருந்து விழிஞம் வழியாக ஆழிமலை வரையிலான சிறு பகுதியில் பாறை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. அலை பாறையில் மோதும்போது வெடிப்புகளுக்குள் அடைபட்ட காற்று நெருக்குண்டு, அலை பின்வாங்கிய கணத்தில் சட்டென விரிகிறது. அந்த விரிவினால் வெடிப்பு அகல, உதிர்ந்த கல்லும் மணலும் அடுத்த அலையோடு சேர்ந்து உளியின் வேலையைச் செய்ய, காலப்போக்கில் பாறையில் குடைவுகள் உண்டாகின்றன. கடற்குகை உலகெங்கும் இவ்வாறுதான் பிறக்கிறது. சுற்றுலாப் பயணிகளை ஸ்பீட் போட்டில் ஏற்றி, உயிர்காப்பு உடுப்பை மாட்டிவிட்டு, பாறைக் கரையோரமாக அழைத்துச் சென்று, கலங்கரை விளக்கத்தையும் பாறை இடுக்குகளையும் கைநீட்டிக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடும் தொழில் இன்று இக்கரையில் மட்டுமன்றிப் பாறைக் கரை உள்ள நாடுகள் பலவற்றிலும் நடக்கிறது. அதைச் சமயச் சிந்தனையின் எல்லைக்கு வெளியே நிறுத்துவது எளிது. ஆனால் படகு, படகோட்டி, கடல், குகை ஆகிய நான்கையும் சமய மரபுகள் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் உவமைகளுக்குப் பயன்படுத்தி வந்திருக்க, அந்நான்கும் ஒரு கட்டணச் சீட்டில் ஒன்றாகக் கிடைக்கும்போது அவ்வுவமைகளுக்கு என்ன ஆகிறது என்று கேட்பதில் தவறில்லை.

விழிஞத்தில் கடல் குடையாத, மனிதர் குடைந்த குகை ஒன்றும் உண்டு. ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கி, பாண்டியர் படையெடுப்புக்கு உள்ளாகி, பின்னர் சோழர் கல்வெட்டுகளிலும் இடம்பெற்ற இவ்வூரில், 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் குடைவரைக் கோயில் ஒன்று உள்ளது. குடைவரை என்பது கல்லை அடுக்கிக் கட்டாமல், வரையை, அதாவது மலைப்பாறையை, உள்ளே குடைந்து ஆக்கிய கோயில். இது மிகச் சிறியது, ஒரே அறை. அறையின் வெளிச்சுவரில் சிவனின் உருவங்கள், ஒருபுறம் வில்லேந்திய திரிபுராந்தகராகவும் மறுபுறம் உமையுடன் ஆடுபவராகவும், பாதி செதுக்கிய நிலையில் நிற்கின்றன. உள்ளே இருப்பது வீணாதர தட்சிணாமூர்த்தி. தட்சிணாமூர்த்தி என்பது சிவன் ஆசிரியனாக அமர்ந்து மௌனத்தால் உபதேசிக்கும் திருவுரு. அவ்வுரு கையில் வீணை ஏந்தியிருக்குமாயின் வீணாதரர் எனப்படும். கடலோரக் குகையொன்றில் குரு அமர்ந்திருக்கிறார் என்ற செய்தி, முதலில் கூறிய பெயர்ச் சேர்க்கையைக் கல்லில் எழுதிக்காட்டியது போல் உள்ளது. இதைச் செதுக்குவித்தவர் அப்படி எண்ணினாரா என்பது வேறு.

குகையை உண்மையின் இருப்பிடமாகக் கொள்ளும் வழக்கம் உபநிடதங்களில் தெளிவாக உள்ளது. காண்பதற்கு அரியதாய், ஆழத்தில் மறைந்ததாய், குகையில் வைக்கப்பட்டதாய் உள்ள பழம்பொருளைப் பற்றிக் கடோபநிடதம் பேசுகிறது. தைத்திரீயமும் பிரம்மம் குகையில் வைக்கப்பட்டுள்ளது என்கிறது. இங்கே குகை என்பது இதயம் அல்லது புத்தி. சாந்தோக்கியம் இதையே தகரம் என்ற சொல்லால் கூறும்; தகரம் என்றால் மிகச் சிறிய வெளி. அவ்வளவு சிறிய இடத்தில் தேடுவதற்கு என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், வெளியே விரிந்த ஆகாயம் எவ்வளவோ உள்ளே இருப்பதும் அவ்வளவு என்று விடை சொல்ல வேண்டும் என அந்நூல் ஆசிரியனுக்கே பாடம் எடுக்கிறது. கிரேக்கத்தில் பிளேட்டோ குகையை அறியாமையின் சிறையாகக் கண்டு, அதிலிருந்து வெளியேறுவதை அறிவு என்றார் என்பது பலரும் அறிந்ததே. கிழக்கு உள்ளே போகிறது, மேற்கு வெளியே வருகிறது என்று இதைக் கொண்டு பேசும் மேடை வழக்கு நெடுநாள் உழைத்துக் களைத்துவிட்டதால் அதற்கு ஓய்வு கொடுக்கலாம். இங்கே கவனிக்க வேண்டிய ஒற்றுமை வேறு. குகை எந்தப் பொருளாலும் ஆனதன்று. பாறை இருக்க வேண்டிய இடத்தில் பாறை இல்லாமையே அது. விழிஞத்துச் சிற்பி நீக்கியதும் அலை நீக்குவதும் ஒன்றே. எனவே குகையைக் காட்டுபவர் உண்மையில் சுட்டுவது ஒரு வெறுமையையே, அதை வளைத்து நிற்கும் கல்லின் துணைகொண்டு.

மறைந்திருப்பது இருவகைப்படும் என்பதைத் திருவனந்தபுரம் நகரமே விளக்கும். பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் 2011இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி திறக்கப்பட்டபோது உலகமே வியந்து பார்த்தது. ‘பி’ எனக் குறிக்கப்பட்ட அறை மட்டும் திறக்கப்படவில்லை, 2020 ஜூலை 13ஆம் நாள் தீர்ப்பும் அம்முடிவைக் கோயில் நிர்வாகக் குழுவிடமே விட்டது. அவ்வறைக்குள் என்ன இருக்கிறது என்ற ஆவல், கதவு திறந்த நொடியிலேயே தீர்ந்துவிடக்கூடியது. பட்டியல் எழுதி முத்திரையிட்டால் அங்கே மறைபொருள் எதுவும் மிஞ்சாது. அதே கோயிலின் கருவறையிலோ 18 அடி நீளமாகக் கிடக்கும் அனந்தசயனத் திருமேனி மூன்று வாயில்கள் வழியாகவே காணப்படுகிறது: ஒன்றில் முகம், ஒன்றில் உந்திக் கமலம், ஒன்றில் திருவடி. கதவுகள் திறந்தே இருந்தும், விளக்கேற்றியிருந்தும், முழுமையும் ஒரு பார்வைக்கு அகப்படுவதில்லை. சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தொங்கும் பொன் வில்வமும் வெளியும் மட்டுமே தெரிகின்றன; திரை விலகிய பின்னும் இரகசியம் இரகசியமாகவே இருக்கிறது. முதல் வகை மறைவைத் திறவுகோல் வைத்திருப்பவர் போக்கலாம். இரண்டாம் வகை மறைவுக்குத் திறவுகோல் கிடையாது, அதனால்தான் அங்கே வழிகாட்டி என்பவரின் வேலை என்ன என்பது சிக்கலாகிறது. சுற்றுலா வழிகாட்டியின் பேச்சு எப்போதும் முதல் வகையைச் சார்ந்தது: இதோ இது, இத்தனை அடி, இந்த நூற்றாண்டு. அதில் பிழையில்லை, குறைதான் உண்டு.

இத்தாலியின் கேப்ரித் தீவில் உள்ள நீலக் குகையின் கதை இவ்விடத்தில் உதவும். 1826இல் ஆகஸ்ட் கோபிஷ் என்ற ஜெர்மானியக் கவிஞர், எர்ன்ஸ்ட் பிரீஸ் என்ற ஓவிய நண்பருடன் அக்குகைக்குள் நீந்திச் சென்றார். பின்னர் அதைப்பற்றி அவர் எழுதியது ஐரோப்பாவெங்கும் பரவ, குகையைக் கண்டுபிடித்தவர் என்று பெயர் பெற்றார். ஆனால் அவர்களை அங்கே அழைத்துச் சென்றவர் ஆஞ்செலோ பெராரோ என்ற உள்ளூர் மீனவர். குகை இருப்பது ஊராருக்குத் தெரிந்தே இருந்தது. பேய் உறையும் இடம் என்று அஞ்சி விலகியிருந்தனர். காட்டியவன் முன்பே அறிந்திருக்க, காட்டப்பட்டவன் கண்டுபிடித்தவன் ஆனான் என்பதில் ஒரு நியாயக் குறைவு வெளிப்படையாகத் தெரிகிறது. இன்றும் அக்குகையின் வாய் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமே உடையதாதலால், துறையிலிருந்து விரைந்து வரும் மோட்டார் படகு வெளியே நின்றுவிட, பயணிகள் சிறு துடுப்புப் படகுக்கு மாறி, மல்லாந்து படுத்து, தலையைத் தாழ்த்தி உள்ளே போக வேண்டும். உள்ளே நிறைந்திருக்கும் நீல ஒளி நீருக்கடியில் உள்ள மற்றொரு திறப்பின் வழியாக, தண்ணீரை ஊடுருவிக் கீழிருந்து மேலே வருகிறது. அதை வாயிலில் நின்றபடி பார்க்க வழியில்லை. பயணியோடு படகோட்டியும் உள்ளே போயாக வேண்டிய குகை அது. அவரும் அதே தாழ்ந்த பாறையின் கீழ்த் தலை குனிகிறார்.

கரை கடத்தும் படகைப் பற்றிச் சமயங்கள் ஒரே மாதிரி பேசவில்லை. திருக்குறளின் முதல் அதிகாரம் பிறவியைக் கடலாக உருவகித்து முடிகிறது, ஆனால் அங்கே படகு இல்லை. நீந்துதல்தான் உண்டு, இறைவன் அடியைச் சேர்தல் அந்நீச்சலுக்குத் துணை. பெரியபுராணத்தில் அப்பரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளுகின்றனர், அக்கல்லே தெப்பமாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் சேர்க்கிறது; கடலூரில் கரையேறவிட்ட குப்பம் என்ற ஊர்ப்பெயர் அந்நிகழ்ச்சியின் நினைவு. சம்பந்தரோ திருக்கொள்ளம்பூதூரில் ஆற்றுவெள்ளத்துக்கு அஞ்சி ஓடக்காரர் கைவிட்டுப்போன ஓடத்தை அவிழ்த்து, பாட்டையே துடுப்பாக்கி அக்கரை சேர்கிறார். புத்தர் மஜ்ஜிம நிகாயத்தின் 22ஆம் சூத்திரத்தில் தெப்பத்தைப் பற்றி வேறொன்று சொன்னார்: அக்கரை சேர்ந்தவன், இது எனக்குப் பேருதவி செய்தது என்று தெப்பத்தைத் தலைமேல் சுமந்து திரிந்தால் அவன் அறிவுடையவனா என்று கேட்டு, தம் போதனையும் கடப்பதற்கேயன்றிப் பற்றிக்கொள்வதற்கன்று என்றார். இவற்றுள் எதிலும் எஞ்சின் இல்லை, இருக்கவும் முடியாது. விரைவும் பொறியும் ஆன்மிகத்துக்குப் பகை என்ற எண்ணம் இப்பழைய உவமைகளின் மெதுவான நடையிலிருந்து பிறந்த ஒரு மயக்கமாக இருக்கலாம்.

அம்மயக்கத்தைத் தெளிவித்தவர் திருவனந்தபுரத்துக்காரரே. செம்பழந்தியில் 1856இல் பிறந்த ஸ்ரீ நாராயண குரு, குமரி மாவட்டத்து மருத்துவாமலையில் பிள்ளைத்தடம் குகையில் தவமிருந்தார். 1888இல் நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லை அருவிப்புறத்தில் சிவமாக நிறுவினார். தமிழிலும் பாடல்கள் இயற்றிய அவர் 1914இல் மலையாளத்தில் எழுதிய தெய்வ தசகத்தின் தொடக்கத்திலேயே இறைவனை மாலுமியாகவும் அவன் திருவடியைப் பிறவிக் கடலைக் கடத்தும் மரக்கலமாகவும் அழைக்கிறார். மரபு இதுவரைக்கும் புதிதன்று. ஆனால் அவர் அக்கலத்துக்கு இட்ட பெயர் ஆவிவன்தோணி, அதாவது நீராவியால் ஓடும் பெருங்கப்பல். குகையில் தவமிருந்த துறவி ஒருவர், பள்ளிப் பிள்ளைகளும் பாடக்கூடிய எளிய வேண்டுதலில், துடுப்பையும் பாய்மரத்தையும் விட்டுவிட்டு நீராவியைத் தேர்ந்தது சிறு செய்தியன்று. தோணியில் சிலரே ஏறலாம், காற்று வாய்க்க வேண்டும், துடுப்புப் போடுபவனின் தோள் தளரும். நீராவிக் கப்பலிலோ சாதி பார்த்து விலக்கப்பட்டவர்களும் கூட்டமாக ஏறலாம். வேகத்தைக் காட்டிலும் அக்கலத்தின் கொள்ளளவே குருவின் கருத்தாக இருந்திருக்கும் என்று கொள்வது அவருடைய வாழ்வுக்கு இசைந்தது. அவர் கல் எடுத்த நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாறில்தான் இன்று சுற்றுலாப் படகுகள் வரிசை கட்டி நிற்கின்றன.

இந்த உவமைக்குக் கசப்பான ஒரு பின்கதையும் சேர்ந்துகொண்டது. குருவின் முதன்மைச் சீடரும் எஸ்.என்.டி.பி. யோகத்தின் முதல் பொதுச்செயலாளரும் மலையாளத்தின் பெருங்கவிஞருமான குமாரன் ஆசான், கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குச் சென்ற படகு 1924 ஜனவரி 16ஆம் நாள் பல்லனையாற்றில் கவிழ்ந்ததில் உயிரிழந்தார். அப்படகின் பெயர் ரிடீமர், அதாவது மீட்பர். அப்போது குரு உயிருடன் இருந்தார். இறைவனைப் பிழையாத மாலுமியாகப் பாடியவர்களின் நடுவே, மீட்பர் என்று பெயர் எழுதிய படகு கவிழ்கிறது. இதற்கு விளக்கம் தர முற்படும் எந்தச் சமயவாதமும் சற்று அவசரப்படுவதாகவே தோன்றும். உவமை உவமையாக நிற்கும் வரை அது பாதுகாப்பானது, மரத்திலும் இரும்பிலும் இறங்கி வந்ததும் அது ஆள்கணக்குக்கும் நீரோட்டத்துக்கும் கட்டுப்பட்டதாகிவிடுகிறது என்பதைமட்டும் குறித்துக்கொள்ளலாம்.

ஏறியமர்ந்தவனின் பங்கு என்ன என்பதைத் தமிழ் வைணவம் போல நுணுகி ஆராய்ந்த மரபு அரிது. அதன் இரு பிரிவினருள் வடகலையார் மர்க்கட நியாயம் என்பர். மர்க்கடம் என்றால் குரங்கு, குட்டி தாயை இறுகப் பற்றிக்கொண்டாலன்றித் தாயோடு போக முடியாது, எனவே உயிரின் முயற்சியும் வேண்டும். தென்கலையார் மார்ஜார நியாயம் என்பர். மார்ஜாரம் என்றால் பூனை, குட்டியைத் தாயே வாயில் கவ்விக்கொண்டு போகிறது, குட்டி எதுவும் செய்வதில்லை. விரைவுப் படகில் அமர்ந்திருப்பவர் தம்மைப் பூனைக்குட்டி என்று எண்ணிக்கொண்டாலும், கொக்கியை மாட்டுங்கள், கம்பியைப் பிடியுங்கள் என்று படகோட்டி கத்தும்போது குரங்குக்குட்டியாகிவிடுகிறார். தென்கலைக் கொள்கையை வகுத்த பிள்ளை லோகாசாரியார், 14ஆம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது, நம்பெருமாள் திருமேனியைத் தெற்கே எடுத்துச் சென்று, மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் மறைத்து வைத்துக் காத்து, அங்கேயே உயிர் நீத்தார் என்று மரபு கூறுகிறது. உயிர் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அவனே சுமப்பான் என்று உபதேசித்தவர் முதுமையில் அவனைத் தாமே சுமந்து சென்று ஒளித்து வைத்தார். கொள்கைக்கு இது முரண் என்று சொல்ல முடியாது; யார் யாரைச் சுமக்கிறார் என்ற கணக்கு அன்பின் எல்லையில் தெளிவாக இருப்பதில்லை.

கடோபநிடதத்தின் மற்றொரு மந்திரம் இதுவரை கூறியவற்றை வேறு கோணத்தில் திருப்புகிறது. அங்கே குகைக்குள் புகுந்தவர் இருவர் என்று வருகிறது. அவ்விருவர் யார் என்பது பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயம், இரண்டாம் பாதத்தில் விவாதப் பொருள். புத்தியும் உயிரும் என்பது ஒரு கட்சி. காலடி என்னும் ஊரில் பிறந்த சங்கரர் தம் உரையில் அதை மறுத்து, உயிரும் பரம்பொருளுமே அவ்விருவர் என்கிறார். அவர் தரும் எடுத்துக்காட்டு வீட்டுத் தொழுவத்திலிருந்து வருவது: இந்த மாட்டுக்கு இரண்டாவதாக ஒன்றைத் தேடு என்றால் எவரும் இன்னொரு மாட்டைத்தான் தேடுவர், குதிரையையோ மனிதனையோ தேடார், எண்ணைச் சொன்னால் இனம் தானே வரும். குகையில் புகுந்த ஒருவன் அறிவுடைய உயிர் என்பது தெளிவாயின், இரண்டாமவனும் அறிவுடையவனாகவே இருக்க வேண்டும், சடமாகிய புத்தியாக இருக்க முடியாது. எங்கும் நிறைந்தவனுக்குக் குகை என்ற எல்லை ஏன் என்ற தடைக்கு, அதே நூலின் உரையில் வேறோரிடத்தில், சாளக்கிராமத்தில் திருமாலைக் காண்பது போல என்று அவர் விடை கூறுகிறார். பத்மநாபசுவாமியின் திருமேனி 12,008 சாளக்கிராமங்களைக் கொண்டு ஆக்கப்பட்டது என்ற மரபை அறிந்த திருவனந்தபுரத்தார்க்கு அவ்விடை அந்நியமாகத் தோன்றாது.

சங்கரர் இவ்விருவரையும் முடிவில் இரண்டாக விட்டுவைக்க மாட்டார் என்பது வேறு செய்தி. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் அமைத்த சிவஞானபோதம் இருவரையும் விட்டுவைக்கிறது. அதன் பதினோராம் சூத்திரம் கண்ணையும் உயிரையும் வைத்துப் பேசுகிறது. கண் தானாகப் பார்ப்பதில்லை. உயிர் அதைப் பொருளின்மேல் செலுத்திக் காட்டுகிறது, காட்டுவதோடு நில்லாமல் கண்ணோடு உடனிருந்து தானும் காண்கிறது. அதுபோலவே இறைவன் உயிருக்கு அறிவிப்பதோடு அமையாது, உயிரோடு ஒன்றி நின்று தானும் அறிகிறான். சைவ சித்தாந்தம் இவ்விரண்டையும் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் எனப் பிரித்துப் பெயரிட்டது. உபகாரம் என்பது கைம்மாறு எதிர்பாராத உதவி. காட்டும் உபகாரம் எளிதில் விளங்கும். காணும் உபகாரம் ஏன் உதவியாகும் என்பதே நுட்பம்: காட்டிவிட்டு விலகி நிற்பவனால் உயிரின் காட்சி முழுமையடையாது, உடனிருந்து காண்பவன் ஒருவன் இருப்பதால்தான் உயிருக்குக் காட்சி வாய்க்கிறது. இவ்விடத்தில் சித்தாந்தம் அத்வைதத்தைவிட மனிதர் உறவுக்கு நெருக்கமாக வந்துவிடுகிறது. இன்னொருவர் ஓட்டும் படகில் ஏறிச் சென்று கண்டது தன் காட்சிதானா என்ற கேள்விக்கு, எந்தக் காட்சியும் ஒருவனுக்கு மட்டும் உரிய காட்சியாக இருந்ததில்லை என்பதே அம்மரபு தரும் விடை.

இந்த அளவுகோலால் பார்த்தால், குகைச் சுற்றுலாவில் குறைபடுவது நிதானமோ உழைப்போ அன்று. 1892 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் தங்கியிருந்து பின்பு குமரிக்குச் சென்ற விவேகானந்தர் அங்குள்ள பாறைக்கு நீந்திச் சென்றார் என்பர். 1970 முதல் நினைவு மண்டபம் நிற்கும் அப்பாறைக்கு இன்று பயணிகள் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகளில் போகிறார்கள், அப்படகுகளுள் ஒன்றின் பெயர் குகன். நீந்தியவருக்குக் கிடைத்தது படகில் வருபவருக்குக் கிடைக்காது என்பதற்கு எந்த நியதியும் இல்லை. குறை வேறிடத்தில் உள்ளது. வழிகாட்டி காட்டுவதற்கு மட்டுமே அமர்த்தப்படுகிறார், அவர் காண்பதைப்பற்றி யாரும் கேட்பதில்லை. தொல்லியல் இடங்களில் காதில் மாட்டிக் கேட்கும் ஒலிப்பதிவுகூட அவர் வேலையைச் செய்துவிடும் என்று கருதப்படுகிறது. சங்கரரின் மாட்டு எடுத்துக்காட்டின்படி, அறிவுடையவனுக்கு இரண்டாவதாகச் சடத்தை வைக்கும் பிழை அது. கம்பனின் இராமன் தன்னைக் கரை கடத்திய குகனைத் தன் உடன்பிறந்தாருள் ஒருவனாகச் சேர்த்து எண்ணினான். பயணி படகோட்டிக்குச் சில்லறை தருவதோடு கணக்கை முடித்துக்கொள்கிறான்.

விழிஞத்து மீனவர் காண்பது சிறிதன்று. திசைகாட்டும் கருவிகள் வருவதற்கு முன்பே, கரையில் உள்ள மலை உச்சியும் தேவாலயக் கோபுரமும் எந்தக் கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிகின்றன என்பதை வைத்து, கடலடிப் பாறை இருக்கும் இடத்தை நடுக்கடலில் நின்று சொன்னவர்கள் அவர்கள். அக்கடலடிப் பாறைக்குக் கடலோர வழக்கில் பார் என்று பெயர்; தமிழில் அது காண் என்னும் ஏவலாகவும் உலகமாகவும் பொருள் தருவது இன்பமான ஒரு சேர்க்கை. கண்ணுக்குத் தெரியாத பாரைக் கண்ணுக்குத் தெரியும் இரு குறிகளால் அறிவதைத் தருக்க நூலார் அனுமானம் என்பர், அதாவது புகையைக் கண்டு நெருப்பை அறிதல்; மீனவர் அதற்குப் பெயரிடாமல் பிழைப்பு நடத்தினர். 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தின்போது இக்கரையோரத்தவர் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு போய், கடலையே பாராத உள்நாட்டு ஊர்களில் கூரைமேல் நின்றவர்களை இறக்கினர். அவர்களுள் கிறித்தவர்கள் மாதாவைச் சிந்து யாத்ரா மாதா என்று அழைத்து வழிபடுகின்றனர். கடற்பயணத்துக்குத் துணைவரும் அன்னை என்பது அதன் பொருள். 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பெருந்துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் இன்று அதே வானத்தில் உயர்ந்து நிற்க, கரைக்குறிகளின் வரிசை மாறிக்கொண்டிருக்கிறது.

பாறைக் குடைவை நெருங்கும்போது படகோட்டி எஞ்சினை முழுவதும் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் அடுத்த பேரலை படகைப் பாறையில் எற்றிவிடக்கூடும். ஆகவே வேகத்தைக் குறைத்து, படகின் முகத்தைக் கடலின் பக்கம் திருப்பிப் பிடித்து, எதிரே வரும் அலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். பயணிகள் எல்லோரும் ஒருபுறம் சாய்ந்து குகையின் இருட்டைப் பார்த்துக் கைப்பேசியில் படமெடுக்கும் அந்தச் சில நிமிடங்களில், படகில் குகைக்கு முதுகு காட்டி நிற்பவர் அவர் ஒருவரே.